லட்ச ரூபாய்க்கு ஒரு பழைய கார்... அதற்கப்புறம்?

மயிலம் மலையடிவாரம். காலை ஏழு மணி இருக்கும். சிவப்பு நிற ஃபோர்டு ஃபிகோ ஒன்று வந்து நிற்கிறது. பானட்டில் சந்தனம், குங்குமம், ஸ்டியரிங்கில் ஒரு முழம் கதம்பம். குருக்கள் கற்பூரம் காட்டி முடித்ததும் வண்டிக்காரத் தம்பி நான்கு எலுமிச்சம்பழத்தை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு சக்கரத்துக்கும் குனிந்து குனிந்து வைக்கிறார். வயது இருபத்தைந்துக்குள் இருக்கும். அவருடைய அம்மா பின்சீட்டில் உட்கார மாட்டேன் என்கிறார். “நீ மொதல்ல எடு, நான் பின்னாடி ஏறிக்கிறேன்” என்று ஓரமாக நிற்கிறார்.

புது வண்டிக்குச் செய்யும் அத்தனை மரியாதையும் நடந்தது, 2011-ல் பதிவான ஒரு வண்டிக்கு. கிளட்சை விட்டதில் ஒருமுறை நின்றுபோனது. மறுபடி சாவியைத் திருப்பினார். இந்த முறை எழுந்த சத்தத்தில் குருக்களே திரும்பிப் பார்த்தார். பழைய சைலன்சரைக் கழற்றிவிட்டு, கை நுழையும் அகலத்தில் ஒரு குழாய் மாட்டியிருந்தார்கள். பழங்கள் நசுங்கின. வண்டி கூட்டேரிப்பட்டுப் பக்கம் பறந்தது.

எனக்குச் சத்தத்தைவிட இன்னொன்றுதான் மனதில் நின்றது. அந்தத் தம்பி எலுமிச்சம்பழம் வைத்த முன்சக்கரத்தின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருந்தது: 1814. அந்த எண்ணுக்குப் பிறகு வருகிறேன்.

திண்டிவனம், மயிலம், விக்கிரவாண்டி, விழுப்புரம் என்று இந்தப் பக்கத்தில் எந்த மெக்கானிக் ஷெட்டுக்குப் போனாலும் இப்போது இப்படி ஒரு வண்டி நிற்கிறது. கியர் வண்டி, சின்ன வண்டி, ஒன்றரை லட்சத்துக்குள் வாங்கியது. வாங்கியவர் ஓட்டுவதற்காக மட்டும் வாங்கவில்லை. பிரித்துப் பார்க்க, மாற்றிப் பார்க்க, தன் கையால் ஒன்றை ஓடவைத்துப் பார்க்க வாங்கியிருக்கிறார். இந்த ஆசை நல்ல ஆசை. ஆனால் வாங்கிய பிறகு வரும் விளைவுகளை யாரும் சேர்த்து உட்கார வைத்துச் சொல்வதில்லை. அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

ஜி.எஸ்.டி. சாலையில் பிறந்த வண்டிகள்

1983 டிசம்பர் 14 அன்று முதல் மாருதி 800-இன் சாவியை இந்திரா காந்தி ஒரு வாடிக்கையாளர் கையில் கொடுத்தார். 2014 ஜனவரியில் உற்பத்தி நிற்கும்வரை அந்த 796 சிசி வண்டிதான் இந்த நாட்டுக்கு கியர் போடக் கற்றுக்கொடுத்தது. 1998-ல் சாண்ட்ரோ ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையிலிருந்து வந்தது. 2010 மார்ச்சில் ஃபோர்டு ஃபிகோ, மறைமலைநகரிலிருந்து. அதே ஆண்டு நிசான் மைக்ரா, ஒரகடத்திலிருந்து.

மறைமலைநகர் இருப்பது மயிலத்துக்காரர்கள் சென்னைக்குப் போகும் அதே ஜி.எஸ்.டி. சாலையில். நூறு கிலோமீட்டர் தூரம்கூடக் கிடையாது. அந்தத் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போய்வந்த பிள்ளைகள் இந்த மாவட்டத்தில் ஏராளம். தாங்கள் வேலை பார்த்த வரிசையில் உருண்ட வண்டியைப் பத்து வருடம் கழித்துப் பழைய வண்டி விலைக்கு வாங்கி வீட்டு வாசலில் நிறுத்துவது அவர்களுக்கு வெறும் கார் வாங்குவது அல்ல.

2021 செப்டம்பர் 9 அன்று இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்தது. ‘தாயில்லாப் பிள்ளை’ என்று புரோக்கர்கள் பேர் வைத்தார்கள். சர்வீசும் உதிரிபாகமும் தொடர்ந்து கிடைக்கும் என்று நிறுவனம் சொன்னபோதும் வாங்குபவர் பேரம் பேச அது ஒரு காரணமாகிவிட்டது. இளைஞர்கள் ஃபிகோ பக்கம் வந்ததற்கு அந்த விலையும் ஒரு காரணம், அதன் கெட்டியான ஸ்டியரிங் இன்னொரு காரணம்.

சின்ன வண்டியைப் பிரித்து வேறொன்றாக்குவது தமிழ்நாட்டுக்குப் புதிதும் அல்ல. கோவையின் எஸ். கரிவர்தன் 1988-ல் மாருதி 800-இன் இன்ஜினையும் கியர்பாக்ஸையும் எடுத்து, ஒற்றை இருக்கைப் பந்தயக் காராக்கினார். ஃபார்முலா மாருதி என்று அதற்குப் பெயர். இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் ஓட்டுநர் நாராயண் கார்த்திகேயன் பந்தயத்தில் கால் வைத்தது அந்த வண்டியில்தான். குடும்பத்தைச் சந்தைக்கு ஏற்றிச்சென்ற அதே இன்ஜின்!

மயிலத்தில் பெய்த 51 சென்டிமீட்டர்

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியது. மறுநாள் காலைக் கணக்கில் மயிலத்தில் மட்டும் 51 செ.மீ. மழை. ஒரே நாளில். அரசூர் அருகே தேசிய நெடுஞ்சாலையில் வெள்ளம் ஓடி, சென்னை-திருச்சிப் போக்குவரத்தே துண்டானது. விழுப்புரத்திலும் புதுச்சேரியிலும் தெருவில் நின்ற கார்கள் சீட் வரைக்கும், சில இடங்களில் கூரை வரைக்கும் மூழ்கின.

அந்தக் கார்கள் எங்கே போயின? இதைத்தான் பழைய கார் வாங்குகிற ஒவ்வொருவரும் கேட்க வேண்டும். இன்சூரன்ஸில் ‘டோட்டல் லாஸ்’ என்று முடித்த வண்டிகள் ஏலத்துக்குப் போகும். ஏலம் எடுத்தவர் கழுவி, காயவைத்து, சீட் உறை மாற்றி, பாலிஷ் போட்டு மறுபடி சந்தைக்குக் கொண்டுவருவார். 2015-ல் சென்னை வெள்ளத்துக்குப் பிறகும் இதே கதைதான் நடந்தது. இன்சூரன்ஸே இல்லாத வண்டி என்றால் எந்தக் காகிதத்திலும் தடயம் இருக்காது.

தண்ணீரில் மூழ்கிய வண்டி வாங்கிய அன்றைக்கு நன்றாகவே ஓடும். ஆறு மாதம் கழித்துத்தான் ஒயரிங் கனெக்டருக்குள் பச்சைப் பூஞ்சை போலத் துரு ஏறும். ஒரு நாள் ஹாரன் அடிக்காது. ஒரு நாள் பவர் விண்டோ தானாக இறங்கும். ஒரு நாள் சாலை நடுவில் இன்ஜின் நின்றுபோகும். எந்த ஒயர் என்று தேடுவதற்கே வாங்கிய விலையில் பாதி போய்விடும். இப்படிப்பட்ட வண்டியைப் பட்டறைப் பாடமாகக்கூட வாங்காதீர்கள். அதில் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை, எரிச்சல்தான் மிச்சம்.

---
வெள்ளத்தில் நின்ற வண்டியா? வாங்கும் முன் பாருங்கள்

சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். கழுவியவர்கள் பெரும்பாலும் வெளியே தெரியும் பகுதியைத்தான் கழுவியிருப்பார்கள். உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக்கோடு இருக்கும்.

ஸ்டெப்னி டயரை எடுத்துவிட்டு அந்தக் குழியை விரலால் தடவுங்கள். வண்டல் ஒட்டும்.

முன்சீட்டைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளில் துரு இருந்தால் சந்தேகப்படுங்கள். வெயிலும் மழையும் படாத இடம் அது.

தரைவிரிப்பைத் தூக்கிப் பார்க்க விடமாட்டேன் என்றால் அங்கேயே நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

ஹெட்லைட்டுக்குள் நீர்க்கோடு, உள்ளே அளவுக்கு மீறிய சென்ட் வாசனை: இரண்டும் நல்ல அடையாளம் அல்ல.
---

பேர் மாறாத ஆர்.சி. புக்

என்னுடையது 2003 மாருதி ஜென். ஓட்டுவது நான், ஆர்.சி.யில் இருந்தது வேறொருவர் பெயர், அவருக்கும் முன்பே கடன் கொடுத்த ஒரு நிதி நிறுவனத்தின் பெயர் ஹைப்பாத்திகேஷன் கட்டத்தில். கடன் எப்போதோ முடிந்துவிட்டது என்று புரோக்கர் சொன்னதை நம்பி முழுப் பணத்தையும் கொடுத்தேன். முடிந்த கடனுக்கு என்.ஓ.சி. வாங்கவும், படிவம் 35-ல் முத்திரை வாங்கவும் ஐந்து மாதம் அலைந்தேன். அந்த ஐந்து மாதமும் ஒவ்வொரு முறை வண்டியை வெளியே எடுக்கும்போதும் அடிவயிற்றில் ஒரு கலக்கம். அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

‘ஓப்பன் டிரான்ஸ்ஃபர்’ என்று ஒரு வழக்கம் இந்தப் பக்கம் இருக்கிறது. படிவம் 29-இலும் 30-இலும் பழைய உரிமையாளரிடம் கையெழுத்து மட்டும் வாங்கி டாஷ்போர்டில் வைத்துக்கொண்டு, பேர் மாற்றாமலே ஓட்டுவது. அப்படியே அடுத்தவருக்கு விற்பது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-ஆவது பிரிவு இதற்கு இடம் கொடுக்கவில்லை. ஒரே மாநிலத்துக்குள் விற்றால் விற்றவர் 14 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாட்களுக்குள்.

இது வெறும் காகித வேலை அல்ல. இப்படிக் கைமாறிக் கைமாறிப் போன ஒரு கார் விபத்தில் சிக்கிய வழக்கில், 2018 பிப்ரவரி 6 அன்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: பதிவுப் புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பு அவருடையது. காரை எப்போதோ விற்று மறந்துபோன ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியரை யோசித்துப் பாருங்கள். எங்கோ யாரோ மோதியதற்கு அவர் வீட்டுக்கு நோட்டீஸ் வரும்.

2023 ஏப்ரல் முதல் ஒரு நல்ல மாற்றம் வந்திருக்கிறது. ஆர்.டி.ஓ. அங்கீகாரம் பெற்ற பழைய கார் வியாபாரியிடம் வண்டியை ஒப்படைத்து, அதை முறைப்படி தெரிவித்துவிட்டால், அந்த நாளிலிருந்து வியாபாரியே உரிமையாளராகக் கருதப்படுவார். கன்சல்டிங்குக்குப் போனால் அந்த அங்கீகாரச் சான்றிதழ் சுவரில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

புதுச்சேரி பக்கத்திலேயே இருப்பதால் பி.ஒய். எண் வண்டிகள் இங்கே நிறைய விலைக்கு வருகின்றன. விலை மலிவாகத் தெரியும். ஆனால் அங்கிருந்து என்.ஓ.சி. வாங்கி, டி.என். 16 என்றோ டி.என். 32 என்றோ மாற்றும்போது இங்கே வரி கட்ட வேண்டும். டெல்லியிலிருந்து வரும் டீசல் வண்டிகளுக்கும் இதே கணக்குதான். அந்தத் தொகையைச் சேர்த்துப் பார்த்தபின் மலிவா என்று முடிவு செய்யுங்கள்.

“மொதல்ல டிரம்மைக் கழட்டு”

அதே சிவப்பு ஃபிகோவைப் பத்து நாள் கழித்துத் திண்டிவனத்தில் ஒரு ஷெட்டில் பார்த்தேன். தம்பி ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“அண்ணே, ரீமேப் பண்ணா எவ்ளோ பவர் ஏறும்?”

மெக்கானிக் நிமிரவில்லை. “அது இருக்கட்டும்பா. பின்னாடி பிரேக் எப்பப் பார்த்த?”

“வாங்கினதுல இருந்து பாக்கல.”

“மொதல்ல டிரம்மைக் கழட்டு.”

டிரம் லேசில் வரவில்லை. சுத்தியால் சுற்றித் தட்டித் தட்டி இழுத்தபோது ஒரு கை கருப்புத் தூள் கொட்டியது. லைனிங் பத்து பைசா நாணய கனத்துக்குத் தேய்ந்திருந்தது. வீல் சிலிண்டரின் ரப்பர் ஓரத்தில் ஈரம். மெக்கானிக் அதை விரலால் தொட்டு, அந்தத் தம்பியின் உள்ளங்கையில் தேய்த்தார். பிரேக் ஆயில். பானட்டைத் திறந்து டப்பாவைப் பார்த்தால் ஆயில் டிக்காஷன் நிறம். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும் பொருள். ஈரம் ஏறினால் அதன் கொதிநிலை இறங்கும். தொடர்ந்து பிரேக் மிதிக்கும்போது உள்ளே ஆவிக்குமிழ் உண்டாகி, மிதி பஞ்சுபோல் இறங்கிவிடும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது இதற்காகத்தான்.

அந்த ஃபிகோவின் 1.4 லிட்டர் டீசல் இன்ஜின் புதிதாக வந்தபோது 69 குதிரைத்திறன். மென்பொருளைத் திருத்தி ரீமேப் செய்தால் இன்னும் ஏறும், உண்மைதான். ஏறிய திறனை முதலில் தாங்க வேண்டியது கிளட்ச் பிளேட். அடுத்து டர்போ. அதற்கப்புறம், எல்லாவற்றையும் நிறுத்த வேண்டிய அந்த நாணய கனத்து லைனிங். இந்த இன்ஜினில் டைமிங் பெல்ட் வேறு. எப்போது மாற்றியது என்று தெரியாமல் வாங்கியிருந்தால் வாங்கிய வாரமே மாற்றிவிடுவது நல்லது. அது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி, வண்டி விலைக்கு இன்ஜின் வேலை வரும்.

இதைத்தான் நான் எல்லாத் தம்பிகளிடமும் சொல்வேன்: முதல் ஒரு வருடம் வண்டியை மாற்றாதீர்கள், மீட்டெடுங்கள். தொழிற்சாலையிலிருந்து வந்தபோது எப்படிப் பிடித்ததோ அப்படிப் பிரேக் பிடிக்க வேண்டும், எப்படித் திரும்பியதோ அப்படித் திரும்ப வேண்டும். ஷாக் அப்சார்பர், லோயர் ஆர்ம் புஷ், இன்ஜின் மவுண்ட், கூலன்ட் ஹோஸ். இவற்றை மாற்றி முடித்த பழைய ஃபிகோவை ஒருமுறை மயிலத்திலிருந்து புதுச்சேரி வரை ஓட்டிப் பாருங்கள். எந்தச் சைலன்சரும் தராத சந்தோஷம் அதில் இருக்கிறது. கையில் கிரீஸ் படியும் அந்த ஒரு வருடத்தில் கற்றுக்கொள்வது கொஞ்சநஞ்சம் அல்ல. ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் படித்துவிட்டு வேலை தேடும் பிள்ளைக்கு இதைவிட நல்ல பட்டறை கிடையாது.

ஸ்பிரிங்கை வெட்டி வண்டியைத் தாழ்த்துவதைப் பார்க்கும்போதுதான் வயிறு எரிகிறது. நம் ஊர்ச் சாலைகளில் தெருவுக்குத் தெரு வேகத்தடை. வெட்டிய ஸ்பிரிங் முழுதாக அமுங்கி, ஷாக் அப்சார்பர் அடிவரை இடித்து, சில மாதத்தில் ஆயில் கசியும். பள்ளத்தில் சக்கரம் தொங்கும்போது வெட்டிய ஸ்பிரிங் தன் இடத்தை விட்டு நகரவும் வாய்ப்புண்டு.

பெரிய டயர் போடுவதிலும் கணக்கு இருக்கிறது. ஃபிகோவின் 175/65 ஆர்14 டயரின் உயரம் சுமார் 583 மி.மீ. அழகுக்காக 195/60 ஆர்15 போட்டால் 615 மி.மீ. ஐந்து சதவீதத்துக்கு மேல் கூடுகிறது. மீட்டரில் 100 காட்டும்போது உண்மையான வேகம் முன்பைவிட ஐந்து கிலோமீட்டருக்கு மேல் கூடியிருக்கும். 195/55 ஆர்15 என்றால் 596 தான். கடைக்காரர் கையில் இருக்கும் சைஸை மாட்டிக்கொண்டு வராமல் வீட்டிலேயே கணக்குப் போட்டுவிட்டுப் போகலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவின்படி, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து ஆர்.சி. விவரம் மாறுபடும் அளவுக்கு வண்டியை மாற்றக்கூடாது. கேரளத்திலிருந்து போன வழக்கில் 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தச் சட்டம் தண்டனையைக் கூட்டியது.

---
எதற்கு எவ்வளவு?

அனுமதியில்லாத மாற்றம், 182ஏ(4): ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

சத்தம், புகை விதிகளை மீறினால், 190(2): ரூ.10,000 வரை அபராதம் அல்லது 3 மாதம் வரை சிறை அல்லது இரண்டும். ஓட்டுநர் உரிமம் 3 மாதம் ரத்து.

கண்ணாடியில் சன் ஃபிலிம்: 2012 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது.

முன்புற இரும்பு கிராஷ் கார்டு: 2017 டிசம்பரில் மத்திய அரசு தடை செய்யச் சொன்னது.

ஆர்.டி.ஓ. ஒப்புதலோடு செய்யக்கூடியவை: நிறம் மாற்றுவது, சி.என்.ஜி., எல்.பி.ஜி. கிட், மாற்றுத்திறனாளிகளுக்கான வசதி.
---

அபராதம் கட்டிவிட்டுப் போகலாம் என்று நினைப்பவர்கள் இன்சூரன்ஸை மறந்துவிடுகிறார்கள். சொல்லாமல் மாற்றிய வண்டி விபத்தில் சிக்கினால் க்ளெய்ம் நிராகரிக்கப்படலாம். 1,000 முதல் 1,500 சிசி வரையுள்ள காருக்கு ஒரு வருட மூன்றாம் நபர் பிரீமியம் ரூ.3,416 தான். அந்தத் தொகையில் கிடைக்கும் பாதுகாப்பை ஒரு குழாய்க்காகச் சிக்கலில் மாட்டிவிடுவது என்ன நியாயம்?

ஹெட்லைட் விஷயம் அபராதத்தோடு முடிவதில்லை. ஹாலஜன் பல்புக்காக வடிவமைத்த ரிஃப்ளெக்டருக்குள் சந்தையில் விற்கும் எல்.இ.டி. பல்பை மாட்டினால் வெளிச்சம் சாலையில் விழாமல் நாலாபக்கமும் சிதறும். ஓட்டுபவருக்குப் பிரகாசமாகத் தெரியும், எதிரே வருபவருக்குக் கண் இருட்டிவிடும். 2023-ல் நாட்டிலேயே அதிகமான சாலை விபத்துகள் தமிழ்நாட்டில்: 67,213. இரவில் கூட்டேரிப்பட்டு முதல் மயிலம் வரை ஒற்றைச் சாலையில் டூவீலரில் வரும் ஒரு தகப்பனை நினைத்துக்கொண்டு அந்த பல்பைக் கழற்றிவிடுங்கள்.

ஆனால் சட்டத்தின் மீதும் எனக்கு ஒரு குறை உண்டு. ஆபத்தான மாற்றத்தையும் பாதுகாப்பைக் கூட்டும் மாற்றத்தையும் பிரித்துப் பார்க்க எளிதான வழி சாமானியர் கையில் இல்லை. பின்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் போட விரும்புகிறவர் யாரிடம் போய்ச் சோதித்துச் சான்று வாங்குவார்? ஜெர்மனியில் மாற்றிய வண்டியைப் பரிசோதனை மையத்துக்குக் கொண்டுபோய், பொறியாளர் பார்த்து, ஆவணத்தில் ஏற்றிக்கொள்ளும் முறை இருக்கிறது. மாவட்டத்துக்கு ஒன்று வேண்டாம், மண்டலத்துக்கு ஒரு மையம் இங்கே வந்தாலும் திருட்டுத்தனமாக நடக்கிற பாதி வேலை வெளிச்சத்துக்கு வந்துவிடும்.

வயதானதன் விலை

15 வருடம் முடிந்தால் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அதன்பிறகு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை. 2022 ஏப்ரலுக்கு முன்பு காருக்கு ரூ.600 ஆக இருந்த கட்டணம் ரூ.5,000 ஆனது. 2025 ஆகஸ்டில் வந்த அறிவிப்பின்படி 20 வருடம் தாண்டிய காருக்கு ரூ.10,000. பசுமை வரி தனி. என் ஜென்னுக்கு அடுத்த புதுப்பித்தல் 2028-ல். இப்போதே ஒரு உண்டியல் வைத்திருக்கிறேன்.

பெட்ரோல் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு கவலை, இ20. பங்கில் இப்போது கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அதற்காக வடிவமைக்கப்படாத பழைய வண்டிகளில் ரப்பர் ஹோஸும் ஓரிங்கும் நாளடைவில் வெடித்துக் கசியலாம். மைலேஜ் குறையும் என்பதை நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே ஒப்புக்கொண்டது; எத்தனால் இல்லாத பெட்ரோலுக்காக வடிவமைத்த கார்களில் 6 முதல் 7 சதவீதம் வரை என்றது. பெட்ரோல் ஹோஸை மாற்றுவது சில நூறு ரூபாய் வேலை. சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் சொட்டினால் ஆகும் சேதத்துக்கு விலை கிடையாது. பட்டியலில் இதை மேலே வையுங்கள்.

2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாக இறங்கியிருக்கிறது. புது வண்டி விலை இறங்கும்போது பழையதற்குப் பழைய விலையே சொன்னால் ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை. தைரியமாகப் பேரம் பேசுங்கள்.

வேகம்தான் ஆசை என்றால் அதற்கும் இடம் இருக்கிறது. 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் பந்தயப் பாதை இருங்காட்டுக்கோட்டையில் 1990 முதல் இருக்கிறது. மயிலத்திலிருந்து காலையில் கிளம்பினால் டிபன் நேரத்துக்குப் போய்விடலாம். அங்கே எதிரே லாரி வராது, மாடு குறுக்கே வராது, ஹெல்மெட் போடாமல் உள்ளே விடமாட்டார்கள்.

ஷெட்டில் அந்தத் தம்பி அன்றைக்கு ரீமேப் பணத்தை பிரேக்குக்குக் கொடுத்தார். லைனிங், வீல் சிலிண்டர், ஆயில் எல்லாம் புதிது. சைலன்சரை மட்டும் இன்னும் மாற்றவில்லை. சென்னைப் புதுப்பேட்டையில் ஒரிஜினல் ஒன்று சொல்லி வைத்திருப்பதாகச் சொன்னார்.

இனி அந்த நான்கு இலக்கம். டயரின் பக்கவாட்டில் முட்டை வடிவக் கட்டத்துக்குள் இருக்கும். முதல் இரண்டு எண் வாரம், கடைசி இரண்டு எண் ஆண்டு. 1814 என்றால் 2014-ஆம் ஆண்டின் பதினெட்டாவது வாரம். பூஜை போட்ட அன்றைக்கு அந்த டயருக்குப் பத்து வயது தாண்டியிருந்தது. பட்டன் நன்றாகத்தான் இருந்தது, ரப்பர் செத்துவிட்டது. பழைய கார் வாங்கிப் பூஜைக்குக் கொண்டுபோகிறவர்கள், பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்கிற பெற்றோர், எலுமிச்சம்பழம் வைக்கக் குனியும்போது நான்கு சக்கரத்திலும் அந்த எண்ணை ஒருமுறை படித்துவிடுங்கள்.